கணக்கு டீச்சரின் தொண்டை

தலைமையாசிரியை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். டக் டக் சத்தம் கேட்டால் வகுப்பு உஷாராகிவிடும்.

நாலாம் வகுப்பு ஜன்னலோரம் ஒதுங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கணக்கு டீச்சர் கழுத்தில் மப்ளருடன் கரும்பலகை அருகே நின்றிருந்தார். தொண்டை கட்டி இன்றோடு எட்டு நாள்.

அது லேசுப்பட்ட தொண்டை அல்ல. அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகிவிடும்.

பிள்ளைகளையும் கொஞ்சம் பேச விடுங்கள் என்று ஒரு வருடமாகத் தலைமையாசிரியை கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டாள். பயிற்சி வகுப்புக்கு அனுப்பினாள். டீச்சர் போனார், அங்கே கொடுத்த பையோடும் பேனாவோடும் திரும்பி வந்தார். மறுநாளே பழைய குருடி, பழைய கூச்சல்.

இப்போது டீச்சர் ஒரே ஒரு கணக்கை எழுதினார். மூன்று ரொட்டி, நாலு பேர், சமமாகப் பங்கு போட வேண்டும். எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

வகுப்பு சந்தைக்கடை ஆனது.

ஒருவன் காகிதத்தில் ரொட்டி கிழித்தான். இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். இத்தனை நாள் கோரஸில் வாயை மட்டும் அசைத்து ஒப்பேற்றிவந்த கடைசி பெஞ்சுக்காரி விடுவிடுவென்று வந்து சாக்பீஸைப் பிடுங்கினாள். ஒவ்வொரு ரொட்டியையும் நாலாக வெட்டி, ஆளுக்கு மூன்று துண்டு வைத்தாள்.

டீச்சருக்கு உதடுவரை ஏதோ வந்தது. மென்று விழுங்கிவிட்டார்.

கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்கேலால் மேஜையில் இரண்டு தட்டு. ஏழாம் வாய்ப்பாடு ஒரே குரலில் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியையின் வாயும் சேர்ந்துகொண்டது. ஏழேழு நாற்பத்தொன்பது வரை போய்த்தான் சுதாரித்தாள்.

சாயங்காலம் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மனுஷியின் தொண்டை இப்படியே இருக்கட்டும் என்று உள்ளூர வேண்டிக்கொள்வது பாவமில்லையா?

விசாரித்துவிடலாம் என்று டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டாள். கணவர் எடுத்தார்.

"தொண்டையா? அது ஞாயித்துக்கிழமையே சரியாப்போச்சே மேடம். இப்பக்கூட மாடியிலேர்ந்து என்னைத்தான் திட்டிக்கிட்டிருக்கா. கேக்கலையா உங்களுக்கு?"

கேட்டது. நன்றாகவே கேட்டது.

மறுநாள் காலை, ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்க்க, தலைமையாசிரியை ஒரு தேன் பாட்டிலை டீச்சர் முன் வைத்தாள்.

"உடம்பைப் பாத்துக்கங்க டீச்சர். பரீட்சை முடியறவரைக்கும் கிளாஸ்ல நீங்க வாயே திறக்க வேணாம்."

டீச்சர் அவள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு பரிதாபமாக இரண்டு தரம் இருமினார்.