சிங்கப்பூர்ப் பணம்

"நாலு லட்சத்தப் பேங்குல போட்டு வெச்சிக்கிட்டு, எனக்கு நாப்பதாயிரம் இல்லைங்கிறீங்களே, இது நாயமாங்க?"

மகளிர் குழுக் கூட்டத்தில் ராமக்காள் போட்ட சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். ஆடு வாங்கி வளர்த்து விற்றால்தான் அவள் மகள் காலேஜ் வாசலை மிதிக்க முடியும்.

தலைவி சாலம்மாள் அசைந்து கொடுக்கவில்லை. "நம்ம சேமிப்புல இருந்து பதினஞ்சாயிரம் தரேன். மூணு ஆடு வாங்கு. சிங்கப்பூர்ப் பணத்தத் தொட மாட்டேன்."

அது குப்புராஜின் பணம். ஊர்க்காரர்தான், சிங்கப்பூரில் வேலை. அங்கே வட்டி சொற்பம் என்று, நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டி பேசி இங்கே குழுவில் போட்டிருந்தார். கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு.

பக்கத்து ஊர்க் குழுவிலும் போட்டிருந்தார். அவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். ஆளாளுக்கு ஆடு வாங்கப் போனதில் ஆட்டு விலை எகிறியது. அதைப் பார்த்து ராமக்காளுக்கு வயிறு எரிந்தது. "கல்நெஞ்சுக்காரி" என்று சாலம்மாளை வாய்க்கு வாய் ஏசினாள்.

பதினோராம் மாதம் குப்புராஜ் போன் செய்தார். "இங்கயே வட்டி ஏறிடுச்சுங்க. பணத்த அனுப்பிடுங்க."

அவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க, பக்கத்து ஊர் ஆடுகள் அத்தனையும் ஒரே சந்தைக்கு வந்தன. எல்லாரும் விற்க வந்தால் வாங்குவது யார்? பாதி விலைக்குப் போயின. மீதிக் கடன் தலைமேல் நின்றது.

சாலம்மாள் பேங்குக்குப் போய்வந்தாள். பொழுது சாய்வதற்குள் நாலு லட்சமும் போய்ச் சேர்ந்தது. இங்கே ஒரு ஆட்டைக்கூட விற்க வேண்டி வரவில்லை. அந்தப் பதினைந்தாயிரத்தில் ராமக்காள் வாங்கிய மூன்றும் குட்டி போட்டிருந்தன.

ராமக்காள் சாலம்மாள் வீட்டுக்கே ஓடினாள். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவள், கடல் தாண்டி வருகிற காற்றை எப்படிக் கணித்தாள்!

"தொடவே மாட்டோம்னா, அதை எதுக்குக்கா வாங்கினீங்க?"

"வேணாம்னா அவரு வூட்டுக்கு வூடு குடுத்திருப்பாரு. மொத ஆளா நீதான் கை நீட்டியிருப்ப." சிரித்துக்கொண்டே சாலம்மாள் எருமைக்குத் தண்ணி காட்டப் போனாள்.

ராமக்காளுக்குச் சந்தேகம் மட்டும் விடவில்லை. அங்கே குழுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தமிழ்மணியின் பக்கம் திரும்பினாள். "பேங்கு குடுத்தது நூத்துக்கு அரை ரூபா வட்டி. அவருக்குக் குடுத்தது முக்கா ரூபா. மாசம் ஆயிரம் துண்டு வுழுமே! நம்ம சேமிப்புல கை வெச்சீங்களா?"

தமிழ்மணி குரலைத் தாழ்த்தினாள்.

"அதுல ஒத்த ரூபா குறையலக்கா. முகூர்த்த நாளானா தலைவியம்மா மொரப்பூர் மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவப் போயிடுவாங்க. அந்தக் கூலியிலதான் துண்டு வுழுந்தத அடைச்சாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னு அப்பவே சொல்லிட்டாங்க, தெரிஞ்சா அந்தப் பதினஞ்சாயிரத்தக்கூட வாங்க மாட்டீங்களாம்."