அடம்புப் பூக்களுக்கு அடியில்

பங்குனி விடியல் இன்னும் வெளுக்கவில்லை. கரண்ட் போன பெசன்ட் நகர் கடற்கரையில் எரிவது டீக்கடைப் பெட்ரோமாக்ஸ் ஒன்றுதான். ஊதா நிற அடம்புப் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஹம்சாவின் கைக்கடியில் மணல் அசைகிறது. விரலிடுக்கில் ஓர் ஆமைக்குஞ்சு. பிறகு பத்து, ஐம்பது. "எழுந்திரு," என்கிறான் கணவன் கிரீஷ், சாலைப் பக்கம் நாலடி தள்ளி நின்று. "ஏன்னா, எப்படி எழுந்துக்கறது? காலை ஊணினா மிதிச்சுடுவேன். மடியில வேற ஏறிண்டிருக்கு." "உதறிடு. ஆமை நம்மாத்துக்குள்ள வந்தா குடும்பத்துக்கு ஆகாது." குஞ்சுகளோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்கின்றன. சாலையில் பால் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. மீன்கூடையோடு வரும் அங்காளம்மாள் பதறுகிறாள். "லைட்டை அணை நைனா. கடலுன்னு நெனச்சிகினு ரோட்டுக்கு வருதுங்க, நசுங்கிடும்." "இருட்டுல எப்டி டீ ஆத்துறது?" என்று முனகியபடியே கடைக்காரர் விளக்கை அணைக்கிறார். ஒரு கணம் எதுவும் தெரியவில்லை. பிறகு, சருகு புரள்வது போன்ற சரசரப்பு மெல்லத் திரும்பி, கிரீஷின் காலைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் நகர்கிறது. அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். தூக்கிய காலைக் கீழே வைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.