வியாழக்கிழமைப் பெட்டி

"சுகர் இருநூத்தி அறுபது. யாரு ஐயா உங்களுக்கு இனிப்பு வாங்கித் தர்றது?"

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா கேட்டதும் என் மகள் முந்திக்கொண்டாள்.

"எங்க சித்தப்பாதான். வியாழக்கிழமை தவறாம ஒரு பெட்டி கேக். அப்பா ஒரு துண்டு மிச்சம் வைக்க மாட்டார்."

"எடை ஏறலையேம்மா?" என்றேன்.

"எப்படி ஏறும்? முதுகெலும்புல அடிபட்டதுல இடுப்புக்குக் கீழே அசைவே இல்ல. கால் சதையெல்லாம் கரைஞ்சு போச்சு. அதை வயித்துக் கொழுப்பு ஈடுகட்டிடுச்சு. தராசு ஏமாத்தும், இந்த டேப் ஏமாத்தாது." என்னைப் படுக்கவைத்து வயிற்றை அளந்தார். "இப்படியே தின்னா அடுத்தது மாரடைப்புதான்."

"அன்னைக்கு ஏணியை விட்டாரு. மிச்சத்தை கேக் வச்சு முடிக்கப் பார்க்கிறாரு" என்றாள் மகள்.

நான் மறுக்கவில்லை.

நானும் தம்பியும் சேர்ந்துதான் பெயின்ட் வேலைக்குப் போவோம். நான் ஏணியிலிருந்து விழுந்து பதினோரு வருஷம். அன்றிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனாக வருவான். பெட்டியை என் மடியில் வைத்து, "சாப்பிடுண்ணே" என்பான். நான் ஜன்னலைப் பார்த்தபடி தின்பேன். பெட்டி காலியானதும் எழுந்துவிடுவான். அதனால் மெதுவாகவே தின்பேன்.

அடுத்த வியாழக்கிழமை மகள் அவனை வாசலிலேயே மறித்தாள்.

"அப்பாவுக்கு சுகர் எகிறிப்போச்சு, இனிமே எதையும் தூக்கிட்டு வராதீங்க சித்தப்பா. எங்கப்பாவை இந்தச் சக்கர நாற்காலியில உட்கார வச்சது போதாதா?"

"எனக்குத் தெரியாமப் போச்சும்மா" என்றான். அவள் தோளுக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. வெறுங்கையோடு உள்ளே வர அவனுக்குத் தெரியாது.

காய்கறியும் பயறும் வேகவைத்து, என் கைக்கு எட்டும் உயரத்தில் மூடி வைத்துவிட்டு மகள் வேலைக்குப் போவாள். சாயங்காலம் வரை நானும் நாலு சுவரும். பக்கத்தில் ஆளில்லாமல் தின்கிற சாப்பாடு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இரண்டு மாதத்தில் சுகர் நூற்று முப்பதுக்கு இறங்கியது. வயிறும் இரண்டு விரற்கடை வற்றியது.

"சபாஷ் ஐயா!" என்று கிளம்பினார் நர்ஸம்மா.

மகளுக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தீங்களாப்பா? பீடை விட்டுது!"

"சித்தப்பாவுக்கு போன் போடு. சும்மா கையை வீசிக்கிட்டு வரச் சொல்லு."

"யாரை? ஏணியைப் பிடிக்காம போனாரே, அவரையா? உங்களுக்கு மானம் ரோஷம் இல்லையாப்பா?"

பதினோரு வருஷமாக, எத்தனை ஏச்சு வாங்கியும் அவன் யாரிடமும் சொல்லாததை நான் சொன்னேன்.

"அவன் கெட்டியாத்தான் பிடிச்சிருந்தான். 'நான் பார்த்துக்கிறேன், நீ போய் இனிப்பா ஏதாவது வாங்கிட்டு வாடா'ன்னு விரட்டினது நான்தான்."