மடவளைக் காரின் புது மனேஜர்

மடவளை ஊரின் கார்க் கொட்டகையில் அன்று இருந்தவர்கள் காசிம் ஹாஜியார், அதுவரை காரின் மனேஜராக இருந்த மூத்த மருமகன் மஹ்ரூப், இளைய மருமகன் பளீல், சாரதி வலன்ரைன் ஆகிய நால்வர்.

மலையேற்றப் பந்தயத்தில் குடும்பத்துக் கார் வருடாவருடம் கடைசி.

"மனேஜர் வேல இனிப் பளீலுக்கு," என்றார் ஹாஜியார். "குடும்ப மானம் போகுது."

"எஞ்சின்ல பிழையில்ல, மாமா," என்றார் மஹ்ரூப்.

"அப்ப மேட்டுல கார் ஏன் மூச்சு வாங்குது, மகன்?"

வலன்ரைன் குனிந்து டயரைத் துடைத்தார்.

பளீல் பணிவாகச் சொன்னார்: "உச்சியில தொரமார் பரிசுக் கோப்பையோட நிப்பாங்க. நம்மட பக்கத்துல பெரிய மனிசன் வேணும். நீங்க முன்னுக்கே போய்க் கதிரையில இரிங்க, மாமா."

ஹாஜியாருக்கு அது நியாயமாகப் பட்டது.

பந்தய நாளன்று கார் முதலாவதாக வந்தது. மனேஜரை மாற்றிய தம் புத்தியை மெச்சி ஹாஜியார் தாடியைத் தடவினார்.

பளீல் புது எஞ்சின் பூட்டியதாக ஊரில் பேச்சு. அது பொய். எஞ்சின் பழையதுதான். குடும்ப மானத்தைக் காக்கவென்று, பந்தயம் தவறாமல் தம் கனத்த உடம்போடு பின் சீட்டில் ஏறி அமரும் ஹாஜியார் மட்டும் அன்று காரில் இல்லை.