ஏரியல் கம்பியில் ஒரு சட்டை

அந்தமானின் கராச்சர்மாவில் பொழுது சாய்கிறது. மழை விட்டும் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குத்தான் வாங்கி வந்த ரேடியோவின் முன்னால் ஜமீல் குந்தியிருக்கிறான். அண்ணன் ஜெய்னுலாப்தீன் ஏறிவரும் மெட்ராஸ் கப்பல் புயலில் மாட்டியிருப்பதாகக் கப்பல் வந்தணையும் ஜெட்டியில் பேச்சு. செய்தி நேரம் வந்துவிட்டது. பெட்டியோ இரைகிறதே தவிரப் பேசவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டுகிறான், குமிழைத் திருகுகிறான். "குச் நஹி, ஒண்ணும் வரல மைனி." வாசற்படியில் நிற்கும் அண்ணன் மனைவி மெஹருன்னிசா சிரிக்கப் பார்க்கிறாள். "தமிழ் வரலேன்னா இந்தியிலயாவது பேசச் சொல்லு." ஜமீல் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக் கத்துகிறான். "ரேடியோவுக்குக் கட்டின ஏரியல் கம்பியிலயா துணி போட்டிருக்கீய?" "கம்பி கட்டினா துணிக்குன்னுதானே நினைப்பேன்? இந்த ஊர் மழைக்கு வேற எங்க போட?" சொல்லிக்கொண்டே முற்றத்துக்கு ஓடுகிறாள். கணவன் வந்ததும் உடுத்தத் துவைத்த வெள்ளைச் சட்டை, கம்பியிலும் கூரைத் தகரத்திலுமாக ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. உருவுகிறாள். உள்ளே இரைச்சல் அறுந்து, பிசிறில்லாத தமிழ்க் குரல் எழுகிறது. "...புயலில் மூழ்கிய அந்தக் கப்பலில் பயணம் செய்தவர்களில்..." மெஹருன்னிசா சட்டையை மறுபடியும் கம்பியில் போடுகிறாள். தகரத்தோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். உள்ளே பெட்டி இரைகிறது.