நாலு நிமிட எறும்பு

"அண்ணா, இதுல இருக்கிறதை நீங்க கேக்கவே கூடாது. எம்பி3-யா மாத்தி மட்டும் கொடுத்துடுங்க."

கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்று சொன்னாள் மூன்றாம் மாடித் தையல்காரி. அந்தக் குடியிருப்புக்கு அவள் வந்து பத்து நாள்தான் ஆகிறது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் நாற்காலியைத் திருப்பினார். "தலையைத் தூக்கிச் சொல்லும்மா. தரைகிட்ட சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நிமிர்ந்து மறுபடியும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"நான் கேக்க மாட்டேன். உள்ளே வா."

ஐம்பதைத் தாண்டிய அவருக்குக் குடியிருப்பில் 'கன்வெர்ட்டர்' என்று பெயர். தகடு வெட்டும் தொழிற்சாலை வேலையை விட்ட பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரே கதி என்று ஆகிவிட்டவர். டிவியில் ஓடாத கல்யாண வீடியோ, தூசி படிந்த கேசட், எதைக் கொடுத்தாலும் ஓடுகிற மாதிரி மாற்றித் தந்துவிடுவார். இரண்டாம் மாடி நர்ஸ்தான் இவளை அனுப்பி வைத்தாள். போன் செய்தால் எடுக்கமாட்டார், நேரில் போய் நில் என்றாள். அவரிடம் கொடுத்தால் ஒரு வார்த்தை வெளியே கசியாது என்றும் சொன்னாள்.

அந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் தையல்காரி கிளம்பி வந்திருந்தாள்.

குழந்தைகளுக்கு ஒலிக்கதை வெளியிடும் ஒரு நிறுவனம் புதுக் குரல்களைத் தேடியது. சொந்தக் கதை ஒன்றை நாலு நிமிடத்துக்குள் பேசி, எம்பி3-யாக அனுப்ப வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் போனில் பேசிப் பதிவு செய்திருந்தாள். அனுப்பினால் அவர்கள் தளம் வாங்க மாட்டேன் என்கிறது. ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி3 என்று அவளே மாற்றிப் பார்த்தாள். அதற்கும் மசியவில்லை.

"பேரை மாத்தினா போதாதும்மா, ஆளையே மாத்தணும்" என்றார் அவர், வயரைச் செருகியபடி.

இத்தனை ரகசியம் எதற்கு என்று கேட்டார். தன் குரல் சின்ன வயதிலிருந்தே கரகரப்பு என்றாள். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கிய மாதிரி இருக்கிறது என்று அவள் கணவன் சொல்வான். கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா கேலிதான். ஆனாலும் கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் அவள் யாருக்கும் ஒரு கதைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

திரையில் பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து நூறைத் தொட்டது.

"வேண்டாம்ணா, அழிச்சிடுங்க" என்றாள் அவர் முதுகைப் பார்த்து.

அவர் பொருட்படுத்தவில்லை. சரியாக மாறியிருக்கிறதா என்று நீயே கேட்டுச் சொல், அது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு ஓடவிட்டார். ஸ்பீக்கர் அலறியது. தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவரோ நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கதையில் ஓர் எறும்பு பேன்ட் தைக்க வருகிறது. ஆறு காலுக்கு மூன்று பேன்ட் தைக்க வேண்டும் என்கிறார் தையல்காரர். எறும்பு யோசிக்கிறது. "சரி, மூணையும் மாட்ட எனக்கு இடுப்பு ஒண்ணுதானே இருக்கு?"

பாதிக் கதையில் அவள் கை தானாக வாயிலிருந்து இறங்கியிருந்தது. எறும்பு இடுப்பைப் பற்றிக் கேட்டதும் அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதை நீ அனுப்பாம விட்டா தப்பு உன்மேலதான். உனக்குக் கதை சொல்ல வருதும்மா."

அவள் அங்கேயே உட்கார்ந்து அனுப்பினாள். அப்போது மணி நாலு நாற்பது.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. அந்தக் கரகரப்புதான் தங்களுக்கு வேண்டும், பன்னிரண்டு கதை பேசித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். தையல்காரி தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக அவர் வீட்டுக்கு ஓடிவந்தாள். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவர் என்பதால் அன்றைக்கு வீட்டில் இல்லாதவர். அவரிடம் தையல்காரி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். உலகத்திலேயே தன் குரலை முழுசாகக் கேட்டு, முகம் சுளிக்காத முதல் ஆள் உங்கள் வீட்டுக்காரர்தான் என்றாள்.

மனைவி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவருக்கு ரெண்டு காதும் போய் பதினோரு வருஷம் ஆச்சேம்மா. அந்தத் தகடு வெட்டுற சத்தம். நர்ஸ் உன்கிட்ட சொல்லலையா?"

தையல்காரி திரும்பினாள். உள்ளேயிருந்து அவர் எழுந்து வந்துகொண்டிருந்தார்.

"அப்போ எறும்பு இடுப்பைக் கேட்டப்ப எப்படிண்ணா சரியா சிரிச்சீங்க?"

"வாயிலேருந்து கையை எடுத்ததுக்கப்புறம் நீயும் ஒரு வரி விடாம கதைகூடவே வாயசைச்சுட்டு இருந்தியே. அதைத்தான் நான் படிச்சேன்" என்றவர், மனைவி பக்கம் திரும்பினார். "ஆமா, இவ குரல் எப்படி இருக்கு? நீயாவது சொல்லேன்."