ஒரு எழுத்து பிசகாமல்

"லெஃப்ட் ஹெடிங் ஜீரோ நைனர் ஜீரோ, க்ளியர்டு ஐஎல்எஸ் அப்ரோச், ரன்வே ஜீரோ செவன், டூ ஃபோர் ஒன்."

ஹெட்செட்டில் 'டூ ஃபோர் ஒன்' விமானத்தின் கேப்டனிடமிருந்து அந்தப் பதில் ஒரு எழுத்து பிசகாமல் வந்து விழுந்தது. கேட்ட கன்ட்ரோலர் பெண் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வெளியே மழை மேகம் தாழ இறங்கிக் கிடந்தது. தரையே கண்ணுக்குத் தெரியாத இந்த மாதிரி மதியங்களில், ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டுதான் விமானங்கள் ஓடுபாதைக்கு இறங்கும். ஜன்னலே இல்லாத ரேடார் அறையிலிருந்து அவள் சொல்வதை விமானி அச்சு அசலாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

அந்தச் சட்டம் இந்த ஒரு மனுஷரிடம் மட்டும் செல்லுபடியானதே இல்லை. ரேடார் அறையில் அவருக்கு 'அரட்டை கேப்டன்' என்று பெயர். துணை விமானியை ஓட்டவிட்டு மைக்கைத் தான் பிடித்துக்கொள்வார். இறங்க அனுமதி கொடுத்தால், "இதோ வந்துட்டேன் அம்மாடி, கதவைத் திறந்து வை" என்பார். "உன் பொண்ணுக்கு ஜுரம் விட்டுச்சா?" என்று ஆகாயத்திலிருந்து விசாரிப்பார்.

"கேப்டன், சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்று அவள் எத்தனையோ தடவை கடிந்திருக்கிறாள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் குரல் வராத நாட்களில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

பின்னால் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். "பாத்தியா, ஒரு வழியா மனுஷன் திருந்திட்டாரு."

"திருந்துற ஆளா சார் அவரு? நாய் வாலை யாராலயாவது நிமிர்த்த முடியுமா? என்னமோ நடக்குது."

அவள் மைக்கை அழுத்தினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள்.

"டூ ஃபோர் ஒன்... கேப்டன், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

கேப்டன் மறுபடி கேட்டார், "ஸே அகைன்?"

"வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டேன்."

"அன்ஏபிள், டூ ஃபோர் ஒன்."

சூப்பர்வைசரின் சிரிப்பு அப்படியே நின்றது. வீட்டில் சௌக்கியமா என்ற கேள்விக்கு 'இயலாது' என்று பதில் சொல்லும் மனிதனை அவரும் கேள்விப்பட்டதில்லை.

"அவர் வாயைக் கட்டிப் போட்டிருக்காங்க சார். பக்கத்துல யாரோ இருக்காங்க."

"ஆபத்துன்னா அனுப்ப ஒரு ரகசிய கோடு இருக்கே? அதை அனுப்பலையே?"

"கழுத்துல கத்தி வச்சிருந்தா எந்தக் கையால சார் அனுப்புவாரு?"

அவள் மறுபடி மைக்கை அழுத்தினாள். "டூ ஃபோர் ஒன், விமானி அறையில எத்தனை பேர் இருக்கீங்க?"

"த்ரீ." கேப்டனின் குரலில் லேசான நடுக்கம்.

இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டும் விமானம் அது.

சூப்பர்வைசர் போனை எடுத்தார். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், ஆயுதப் போலீஸ் என்று அடுக்கினார். அவள் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை. அந்தச் சின்னப் புள்ளி நூல் பிடித்தாற்போல் ஓடுபாதையின் கோட்டில் ஏறி நின்றது.

"எஸ்டாப்ளிஷ்டு ஐஎல்எஸ், ரன்வே ஜீரோ செவன், டூ ஃபோர் ஒன்."

அதுவும் பிசகவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சாவின் வாசலில் நிற்கும்போதா இந்த மனுஷனுக்கு இலக்கணம் வர வேண்டும்!

சற்று நேரத்தில் டவரிலிருந்து சேதி வந்தது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. அதை ஒரு மூலைக்கு ஒதுக்கிப் போலீஸ் சுற்றி வளைத்தது.

ரேடார் அறையில் வயர்லெஸ் கரகரத்தது. "மூணாவது ஆள் பிடிபட்டான். கோட்டு சூட்டு போட்டிருக்கான். 'நான் யாருன்னு தெரியுமா'ன்னு குதிக்கிறான்."

"பிடிபட்டவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான்" என்றார் சூப்பர்வைசர். அறையே கைதட்டியது. அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மேலிடத்துக்கு உன் பேரை எழுதி அனுப்புறேன். குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டியே!"

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள்.

"அம்மாடி, நான்தான்."

"கேப்டன்! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? உயிரே போயிடுச்சு எனக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லை." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஆனா, இங்க ஒருத்தரைப் போலீஸ் குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போகுதே..."

"ஆமாம்! யாரு கேப்டன் அந்த ஆளு?"

"என் ரேடியோ பேச்சைப் பரீட்சை பண்ண வந்த எக்ஸாமினர்ம்மா!"